தாத்தா அக்காவான கதை: பழைய நாடகப் பிரதிகள் சில

மருதானை டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்குவது பல்கலைக்கழக நாட்களிலிருந்தே எனக்குப் பழக்கம். உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களுக்கும் சிங்கள நாவல்களுக்கும் நடுவில் எப்போதாவது நம்முடைய நூலொன்று அகப்படும். சென்ற வருடம் அகப்பட்டது, கயிற்றால் கட்டிய ஒரு கடதாசிக் கட்டு.

"எடுங்க சேர், நிறைக்குப் போடத்தான் வெச்சிருந்த" என்றார் கடைக்கார நானா. முந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

உள்ளே, 1980களின் திகதியிட்ட ஆறு வானொலி நாடகங்களும் பெருநாளுக்கென எழுதிய ஒரு தொலைக்காட்சி நாடகமும் இருந்தன. எழுதியவரின் குடும்பத்தாரைத் தேடிக்கொண்டிருப்பதால் பெயரை இங்கே தரவில்லை.

கதையாகப் பார்த்தால் இவை பெரிய சாதனைகளல்ல. சீதனம், சொத்துப் பிரிவினை, வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன உம்மா என்று தெரிந்த விடயங்கள்தான். முடிவில் யாராவது ஒருவர் உபதேசம் செய்யாமல் விடுவதில்லை. தொலைக்காட்சிப் பிரதி இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் பேச்சு என இரண்டு நிரலாக எழுதப்பட்டிருந்தாலும் கமராவுக்கு அதில் வேலை குறைவு. வானொலியில் பேசியவர்கள் இங்கே கதிரையில் இருந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பேச்சு இருக்கிறதே! 'செல்லுங்க', 'பசியாறினீங்களா', 'மௌத்து' என்று வீட்டுக்குள் புழங்கும் தமிழ் தயக்கமில்லாமல் வருகிறது. நான் வாசித்த நம்மவர் சிறுகதைகள் பலவற்றில் உரையாடல் வந்ததுமே எழுத்தாளர் சட்டையை மாட்டிக்கொண்டு விடுவார். இவர் சாரனோடே வாசலுக்கு வருகிறார்.

இரண்டாவது நாடகத்தில் ஒரு தங்கை, "தாத்தா, வாப்பா கூப்பிடுற" என்கிறாள். பச்சை மை 'தாத்தா'வை வெட்டி, மேலே 'அக்கா' என்று எழுதியிருக்கிறது. எழுத்து, ஆசிரியருடையதல்ல. மூத்த சகோதரியைத் தாத்தா என்பது கொழும்பிலும் கண்டியிலும் தெற்கிலும் நம் வீடுகளில் உள்ள வழக்கம். மற்ற நேயர்கள் பாட்டனார் என்று விளங்கிக்கொள்வார்களே என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் 'செல்லுங்க'வும் 'சொல்லுங்கள்' ஆகியிருக்கிறதே, அதில் யாருக்கு என்ன மயக்கம்? இருபது பக்கம் தாண்டி, தங்கை அழுகின்ற இடத்தில் மட்டும் ஒரு 'தாத்தா' வெட்டுப்படாமல் நிற்கிறது. முழு நாடகத்திலும் என்னைத் தொட்ட இடம் அதுதான்.

பச்சை மையைக் குற்றஞ்சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளில் 'தாத்தா'வைச் சிவப்பு மையால் வெட்டுபவன் நான்தான். போன தவணையும் வெட்டினேன். பரீட்சைக்கு 'அக்கா' வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த வெட்டு, உங்கள் வீட்டில் பேசுவது பிழை என்றும் பிள்ளைக்குச் சொல்கிறது. இந்தத் தவணை வெட்டாமல் ஓரத்தில் குறிப்பு மட்டும் எழுதுகிறேன்.

இத்தகைய பிரதிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். பிபிசி ஒரு காலத்தில் நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் 1969ஆம் ஆண்டு அத்தியாயங்கள் மூன்று அவ்வாறு இல்லாமற்போயின. பிரதிகள் மிஞ்சியிருந்தபடியால் 2019இல் வேறு நடிகர்களைக் கொண்டு அவற்றைத் திரும்ப எடுத்தார்கள். பழைய நடிகர்களின் குரல் வரவில்லை. அவர்கள் பேசிய பேச்சு வந்தது. பிரதி காக்கக்கூடியது அவ்வளவுதான், அதுவே பெரிது.

எம்.எம். உவைஸ் அவர்கள் நம் காப்பியங்களையும் படைப்போர், கிஸ்ஸா, மசாலா, நாமாக்களையும் தேடியெடுத்து இலக்கிய வரலாற்றில் ஏற்றினார். அந்தத் தேடலை நாடகப் பிரதிகளுக்கும் நீட்ட வேண்டும். தடையாக இருப்பது பழைய பேப்பர்காரர் மட்டுமல்ல, அலுமாரியைப் பூட்டிவைக்கும் சேகரிப்பாளர்களும்தான். நானும் ஆறு மாதம் இந்தக் கட்டை ஒருவருக்கும் காட்டவில்லை.

இப்போது பக்கம் பக்கமாகப் படம்பிடித்து வைத்திருக்கிறேன். குடும்பத்தார் சம்மதித்தால், இன்ஷா அல்லாஹ், 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்பேன். பச்சை மை வெட்டுகளும் அப்படியே இருக்கும். 'சுத்தம்' செய்து பதிப்பித்தால் அதே வேலையை நாமும் செய்தவர்களாவோம்.

உங்கள் வாப்பாவின், மாமாவின் பெட்டியில் இப்படியொரு கட்டுக் கிடக்கலாம். நிறைக்குப் போடுமுன் ஒருதரம் கயிற்றை அவிழ்த்துப் பாருங்கள்.