முழுமைக் கல்வியும் பள்ளி வாயிலும்: சிதம்பரத்தின் இரு பள்ளிகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

குழந்தையின் உடல், உள்ளம், அறிவு, ஒழுக்கம் ஆகியவற்றை ஒருசேர வளர்ப்பதே முழுமைக் கல்வி என்பது இன்றைய கல்வியியலில் நிலைபெற்ற கருத்து. தேசியக் கல்விக் கொள்கை 2020 இதனை வலியுறுத்துகிறது. தமிழ் மரபில் இதற்கு முன்னோடி தேடுவோர்க்கு ஆறுமுக நாவலர் எளிதில் அகப்படுகிறார். அத்தேடல் பிழையன்று, பாதி வழியில் நின்றுவிடுவதே அதன் குறை. முழுமை என்பது பாடநூலின் உள்ளடக்கத்தில் மட்டும் அமைவதன்று. பள்ளியின் வாயிலிலும் அமைவது. இதனைக் காட்டச் சிதம்பரத்தினும் பொருத்தமான ஊர் அரிது.

நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலும் 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்றும் பணியாற்றியும் பெற்ற வகுப்புமுறைப் பயிற்சியைச் சைவக் கல்விக்கு அவர் மடைமாற்றினார். அவருடைய பாலபாடங்கள் எளிய தொடர்களில் தொடங்கிப் படிப்படியாகக் கடவுள், கொலை, களவு, பொய், கல்வி எனக் கட்டுரைகளாக விரிகின்றன. எழுத்தறிவு, நல்லொழுக்கம், இறையுணர்வு மூன்றையும் ஒரே உரைநடைக்குள் பிணைத்த அந்நூல்வரிசை, தமிழில் குழந்தைக்கெனத் திட்டமிட்டு எழுதப்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று. அதன் நடைத்தெளிவை இன்றைய பாடநூல் ஆக்குநர் எட்டுவதில்லை என்றே கூறவேண்டும். எனினும், சாதி ஆசாரத்தைச் சைவ நடைமுறையின் பகுதியாகவே ஏற்றவர் நாவலர். அவர் கண்முன் நின்ற பிள்ளை, நீராடித் திருநீறு பூசி, ஏடு வாங்க வசதியுள்ள இல்லத்திலிருந்து புறப்பட்டு வரும் பிள்ளை. பாடம் முழுமையானது, குழந்தைகளின் தொகை முழுமையற்றது.

அவ்வில்லங்களுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்காக 1916இல் அதே சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி எழுந்தது. அதனை நிறுவிய சுவாமி சகசானந்தர் (1890–1959), ஆரணி வட்டாரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் துறவு நெறி பயின்றவர். பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். அவர் எதிர்கொண்ட வினா பாடநூல் பற்றியதன்று. பண்ணை வேலைக்குச் செல்லவேண்டிய பிள்ளை எங்கே உறங்கும், எதை உண்ணும், யார் அருகில் அமரும் என்பதே அது. ஆகவே பள்ளியும் விடுதியும் அங்கு ஒன்றையொன்று தாங்கின. முழுமைக் கல்வி பற்றிய ஆய்வுகள் பாடத்திட்டத்தைக் கூர்ந்து நோக்கும் அளவுக்கு விடுதிச் சமையற்கூடத்தை நோக்குவதில்லை.

சகசானந்தர் சூட்டிய பெயரும் ஆய்வுக்குரியது. சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர். ஆயினும் தீயில் மூழ்கி வேறு உருவம் கொண்ட பின்னரே தில்லைக்குள் நுழைந்தவர். அப்பெயரைப் பள்ளிக்கு இடுவது உரிமைக்குரல். அதேவேளை, உள்ளே வருபவன் முதலில் மாறவேண்டும் என்னும் பழைய நிபந்தனையின் நிழலும் அதில் படிகிறது. சகசானந்தரின் துறவொழுக்கக் கல்வி இந்நிழலிலிருந்து முற்றும் விடுபட்டதாகக் கொள்ள இயலாது. தோலையும் நரம்பையும் பதப்படுத்திய கையின் அறிவுக்கு, நாவலர் பாடத்தில் இல்லாத இடம் இங்கும் கிட்டவில்லை.

அவ்விடத்தை அளிப்பது எளிதுமன்று. கைத்தொழில்வழிக் கல்வியை 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்மொழிந்தார். 1953இல் இராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கலாம் என்றது. பள்ளியையும் சமூகத்தையும் இணைப்பதாகவே ஏட்டில் அத்திட்டம் தோன்றும். பெரியார் முதலியோர் அதனைக் குலக்கல்வி என்று இனங்கண்டனர்; 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. சமூகம் என்பது ஊர் என்றும் சேரி என்றும் பிளந்து கிடக்கும் நிலத்தில், ‘சமூகத்தோடு இணைந்த கல்வி’ என்னும் தொடர் பிறப்பிடத்திலேயே பிள்ளையைக் கட்டிவைக்கவும் கூடும். இதற்கு மறுதலையாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனைக் கருதலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நீங்கிய அவரைச் சென்னைப் பொதுவுடைமைக் கட்சி அலுவலகம் வளர்த்தது. அது பிறப்பால் வாய்த்த சமூகமன்று. (ஒரு மேதையின் வாழ்வைக் கல்வி நெறியாக்குவது பொருந்தாது என்பதும் உண்மையே.)

நந்தனார் பெயரிலான பள்ளிகள் இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின்கீழ் இயங்குகின்றன. நாங்குநேரி வன்முறையை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 சூன் மாதம் அளித்த அறிக்கையில், துறைவாரிப் பள்ளிகள் அனைத்தையும் பள்ளிக்கல்வித் துறையில் இணைக்கவும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் பரிந்துரைத்தது. பொதுவாயில் வழியே அனைவரும் நுழையவேண்டும் என்னும் நோக்கில் இப்பரிந்துரை நாவலர் பள்ளியின் குறையை நேர்செய்கிறது. ஆனால் பள்ளியும் விடுதியும் வெவ்வேறு துறைகளின் பொறுப்பாகுமாயின், சகசானந்தர் ஒன்றாய் வைத்த உணவும் உறைவிடமும் எழுத்தும் மீண்டும் பிரியும். பெயர் நீக்கம் குறித்து எழுந்த விவாதத்தின் அளவுக்கு இவ்வினா இன்னும் எழவில்லை.