ஈரடியும் மறையும் இயைபும்

ஆங்கில யாப்பில் ‘ஹீரோயிக் கப்லெட்’ எனப்படுவது, ஐஞ்சீரடிகள் இரண்டு ஈற்றில் இயைபு பெற்று வரும் வடிவமாகும். சாசர் கையாண்ட இவ்வடிவம் டிரைடனால் செப்பமுற்றுப் போப்பிடம் முழுமை எய்தியது. போப்பின் செய்யுளில் இயைபு விழுமிடத்தே பெரும்பாலும் கருத்தும் முடிகிறது; ஒலியின் முடிவே தீர்ப்பாகிறது. எனவே இவ்வீரடி அறிவுரைக்கும் அங்கதத்திற்குமே ஏற்றது என்பார் உளர். இக்கருத்துப் பொருந்துவதன்று.

1842இல் வெளிவந்த பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ என்னும் பாடலின் 56 அடிகளும் இவ்வீரடிகளே. ஆயினும், முதன்முறை செவிவழிக் கேட்போர் இயைபைத் தவறவிடுதல் எளிது. வாக்கியம் அடியிறுதியில் நில்லாது அடுத்த அடியின் இடையே சென்று முடிதலே இதற்குக் காரணம். இறந்த மனைவியின் ஓவியத்தைத் திரையிட்டு மூடி, அத்திரையை விலக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்ட டியூக் ஒருவனின் கூற்று இது. அவன் இயல்பாக உரையாடுவதுபோல் தோன்றுகிறான். ஆனால் ஒரு சொல்லேனும் கட்டை மீறுவதில்லை. திரைக்குப் பின் ஓவியம்போல், பேச்சுக்குப் பின் இயைபு மறைந்து நிற்கிறது. (இதனைத் தற்செயல் என்பது பிரௌனிங்கைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.) இயைபற்ற ஐஞ்சீரடியில் இப்பாடல் அமைந்திருப்பின் பேச்சின் இயல்பு கிட்டியிருக்கும், பேசுவோனின் பிடி கிட்டியிராது.