தோற்ற அரசனின் குரல்

சோகப் பாட்டு என்றால் தொண்டை தழுதழுக்க வேண்டும், கடைசி அடியில் ஒரு விம்மலாவது விழ வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. சிதம்பரம் எஸ். ஜெயராமன் விம்ம மாட்டார். சுருதி இம்மி பிசகாது, குரல் உடையாது. ஆனாலும் 1958இல் வந்த ‘சம்பூர்ண ராமாயண’த்தில் ராவணனுக்காக அவர் பாடிய ‘இன்று போய் நாளை வாராய்’ முடிந்ததும் சட்டென்று அடுத்த பாட்டுக்குப் போக எனக்கு மனசு வருவதில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராமனோடு நேருக்கு நேர் மோதிய முதல் நாளிலேயே ராவணன் எல்லாவற்றையும் இழந்து வெறுமனே நிற்கிறான். கொன்றிருந்தால் வீர சொர்க்கம். ராமன் கொல்லவில்லை, போய்விட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிடுகிறான். சாவைவிடக் கொடுமை அதுதான். அவன் களத்தில் விட்டுவந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும் கம்பன், கடைசியில் வீரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறான். ஊர் சிரிக்கும், தேவர்கள் சிரிப்பார்கள் என்பதெல்லாம் ராவணனுக்குப் பெரிதாகப் படவில்லை. சீதை சிரிப்பாளே என்றுதான் கூசுகிறான். இப்படி ஓர் இடத்தைக் கம்பன்தான் எழுத முடியும்.

படத்தில் ராவணன் டி.கே. பகவதி. டி.கே.எஸ். சகோதரர்களில் இளையவர், நாடக மேடையிலேயே வளர்ந்தவர். நிற்கிற நிலையிலேயே அரசன் தெரிவான். பாட்டு மருதகாசி, இசை கே.வி. மகாதேவன். மகாதேவன் இதற்கு எடுத்துக்கொண்ட ராகம் திலங். கச்சேரியில் கடைசியாகத் துக்கடாவில் வரும் இனிமையான ராகம் அது. ரிஷபம் இல்லை, தைவதம் இல்லை. ஏறும்போது ஒரு நிஷாதம், இறங்கும்போது கைசிகி நிஷாதம் என்ற இன்னொன்று. அழுவதற்கு ஏற்ற ராகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மேலே நிமிர்ந்த குரல் அந்தக் கைசிகி நிஷாதத்தைத் தொட்டுக் கீழே வரும்போதெல்லாம் மகுடம் ஒரு விரற்கடை சரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு மனிதன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்பதுதான் பல்லவியின் கேள்வி. முதல் தடவை அதில் கோபம் கேட்கும். அதே அடி திரும்பி வரும்போது கோபத்துக்கு அடியில் வெட்கம் கேட்கும். ஜெயராமன் அதற்காகக் குரலைத் தாழ்த்தவோ நடுக்கவோ இல்லை. கமகத்தின் கனத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறார்.

இதே படத்தில் முன்னால் ஒரு சபைக் காட்சி உண்டு. எந்த ராகம் எதற்கு என்று கேட்கக் கேட்க, ராவணன் பாடியே காட்டுவான். காலைக்குப் பூபாளம், இரக்கத்துக்கு நீலாம்பரி, கயிலைநாதனைக் கவர்ந்தது காம்போதி என்று போகும். பலருக்கு அது ராகப் பாடமாகத்தான் நினைவிருக்கிறது. எனக்கு அதுதான் சோகத்தின் முதல் பாதி. இரக்கத்துக்கு நீலாம்பரி என்று சபைக்குச் சொன்னவன், தன்மேல் இன்னொருவன் இரங்கிய நாளில் நீலாம்பரி பக்கமே போகவில்லை. தன்னிரக்கம் அவனுக்கு ஆகாது. மகாதேவன் இதை யோசித்துத்தான் செய்தாரா, கை போன போக்கில் வந்துவிட்டதா தெரியாது. எப்படி வந்திருந்தாலும் உயர்ந்த வேலை.

மேற்கத்திய ஓபராவில் ஜெயராமனுடையதைப் போன்ற கனத்த ஆண் குரலைப் பாரிடோன் என்பார்கள். அங்கே காதலன் பெரும்பாலும் டெனர். தகப்பன், அரசன், வஞ்சகன் எல்லாம் பாரிடோன். அந்தக் கனத்த குரலைக் கதையின் நடுவே நிறுத்தி அதற்கு முழுத் துயரத்தையும் கொடுத்தவர் வெர்டி. 1851இல் வெனிஸில் அரங்கேறிய அவருடைய ‘ரிகொலெட்டோ’வில் கூனல் விழுந்த அரசவைக் கோமாளி, தன் மகளைத் தூக்கிச் சென்ற பிரபுக்கள் முன்னால் முதலில் சீறுவான், பிறகு அவர்களிடமே கெஞ்சுவான். டிட்டோ கோபி பாடி, மரியா காலஸ் மகளாக வரும் 1955ஆம் ஆண்டு இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. இத்தாலிய மொழி ஓர் எழுத்துத் தெரியாவிட்டாலும், சீற்றம் கெஞ்சலாகும் இடம் புரியும். கோபிக்கு அங்கே அழுகை அனுமதி, அவன் கோமாளி. ஜெயராமனுக்கு அனுமதி இல்லை, இவன் லங்கேஸ்வரன்.

எங்கள் மும்பையிலும் ஓபரா ஹவுஸ் உண்டு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்து, பிறகு சினிமாக் கொட்டகையாகி, 1993இல் மூடி, 2016இல் மறுபடி திறந்தது. டிராம்பேயிலிருந்து அங்கே போய் ஓபரா பார்த்த தமிழர் யாரையும் எனக்குத் தெரியாது. எங்களுக்கு வாய்த்தது ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி. இங்கே டிராம்பேயில் அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி என்ற குடியிருப்பை 1976இல் காலி செய்து, சீத்தாகேம்புக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களை அனுப்பினார்கள். அதில் தமிழர்கள் நிறைய. கோயிலும் கூழும் கூம்பு ஸ்பீக்கரும் கூடவே வந்தன.

கூம்பு ஸ்பீக்கரில் கீழ் ஸ்தாயி சரியாக வராது. கனத்த குரல்கள் அதில் சப்பென்று போய்விடும். ஜெயராமன் குரல் போகாது. மூக்கோடு கலந்து வரும் ஒரு வெண்கலப் பிசிர் அதில் இருக்கிறது. சந்து முனை வரைக்கும் அது வரும். ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் முழு வாத்தியக் குழுவுக்கு மேலே கேட்பதும் ஏறக்குறைய இதே சூட்சுமம்தான்: 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலின் சக்தியைக் குவிக்கப் பழகிக்கொள்கிறார்கள். பக்கத்து அணுசக்தி நகர் விஞ்ஞானிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நம் நாடக மேடையில் இந்தக் குரலுக்கு இடமே இருந்ததில்லை. மைக் வராத காலத்தில் எட்டுக் கட்டையில் உச்சிக்குப் போகிறவர்தான் ராஜபார்ட். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உச்சியில் நின்றது. மைக் வந்த பிறகுதான் தமிழ்க் காது கீழே இறங்கி உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொண்டது.

அந்தப் பயிற்சியில் ‘ரத்தக்கண்ணீ’ருக்குப் பெரிய பங்கு. 1954இல் வந்த அந்தப் படத்தில் ‘குற்றம் புரிந்தவன்’ பாட்டை மெட்டமைத்ததும் ஜெயராமன், பாடியதும் அவரே. தொழுநோயோடு அலையும் எம்.ஆர். ராதா பாட்டுக்கு நடுவே நடுவே தன் கரகரத்த குரலில் பேசுகிறார். பாட்டு தீர்ப்புச் சொல்கிறது, பேச்சு அதை ஒப்புக்கொள்கிறது. ராதா அந்தப் பாட்டை வாயசைத்துப் பாடியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். பாடுகிறவன் வேறு, படுகிறவன் வேறு என்று பிரித்ததால் பாட்டு மனசாட்சியின் குரலாக ஆகிவிட்டது. ராதா எத்தனை உடைந்தாலும் ஜெயராமன் உடையவில்லை.

இந்த உடையாமைதான் பின்னால் அவருக்குப் பாதகமாகவும் முடிந்தது. ‘பராசக்தி’யில் சிவாஜிக்குப் பாடியவர் அவர்தான். ஆனால் டி.எம். சௌந்தரராஜன் வந்து நடிகருக்கு நடிகர் குரலை மாற்றிப் பாடியபோது, யாருக்குப் பாடினாலும் ஜெயராமனாகவே இருந்த ஜெயராமனுக்கு வாய்ப்புக் குறைந்தது. சினிமாவின் நியாயம் அது. குறை சொல்ல முடியாது.

தோற்றவனுக்கான பாட்டு என்றதும் பலரும் ‘கர்ண’னில் சீர்காழி கோவிந்தராஜன் சக்ரவாகத்தில் பாடியதைச் சொல்வார்கள். மகத்தான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் திரையில் அதைப் பாடுவது கண்ணன். வீழ்ந்து கிடப்பவனைப் பார்த்து இன்னொருவன் பாடுகிறான். ராவணன் தன் தோல்வியைத் தானே பாடுகிறான். அதனால் என் கணக்கில் ஜெயராமனுக்குத்தான் முதலிடம். கேட்பதானால் படத்தைப் போட்டு அந்த ராகச் சபைக் காட்சியை முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு இந்தப் பாட்டுக்கு வாருங்கள். பாட்டை மட்டும் தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.