கத்தியும் தையல்மாதிரியும்: ஹன்னா ஹோக்கின் ஒட்டோவியங்கள்

கொலாஜ் எனப்படும் ஒட்டோவியத்தை வெட்டுதல், ஒட்டுதல் என்னும் கைவேலையாக மட்டும் கருதிக் கடந்து செல்வோர் உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஹன்னா ஹோக்கின் (1889-1978) படைப்புகளை அவ்வாறு கடந்துவிட இயலாது. பேரரசின் வீழ்ச்சி, வைமர் குடியரசின் தத்தளிப்பு, நாஜி ஆட்சி, இரு உலகப் போர்கள் ஆகியவற்றைக் கண்டவர் அவர். அவ்வரலாற்றை அவர் எங்கிருந்து நோக்கினார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

1916 முதல் 1926 வரை பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தின் கைவினைப் பிரிவில் ஹோக் பணியாற்றினார். பெண்கள் இதழ்களுக்குப் பூத்தையல், பின்னல் மாதிரிகளை வரைந்து தருவது அவர் தொழில். நாட்டின் பெரும் படச்செய்தி இதழை வெளியிட்டதும் அதே பதிப்பகமே. 1919 ஆகஸ்டில் அவ்விதழின் அட்டையில் குடியரசுத் தலைவர் ஏபெர்ட்டும் பாதுகாப்பு அமைச்சர் நோஸ்கேவும் நீச்சலுடையில் நிற்கும் படம் வெளிவந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பெர்லின் எழுச்சி படைபலத்தால் ஒடுக்கப்பட்டதில் இருவருக்கும் பொறுப்புண்டு. ‘அரசுத் தலைவர்கள்’ என்னும் ஒட்டோவியத்தில் ஹோக் அவ்விருவரையும் வெட்டியெடுத்து, பூவும் வண்ணத்துப்பூச்சியும் கொண்ட தையல்மாதிரித் தாள்மீது ஒட்டினார். இதனை வெறும் நையாண்டி எனக் கொள்வது போதாது. இங்குப் பின்புலமாக விரிவது பெண்களின் கைவேலை உலகம். அதில் பொருந்தாமல் நிற்பவர்கள் ஆட்சியாளர்களே.

அவரது புகழ்பெற்ற படைப்பு, 1919-20இல் உருவானது. ‘அடுக்களைக் கத்தியால் வெட்டு’ எனத் தொடங்கும் அதன் தலைப்பு மிக நீளமானது. மல்யுத்த வீரர்களையே மீசையாகக் கொண்ட கைசர், ஐன்ஸ்டைன், ஒரு நடன மங்கையின் உடலுக்குமேல் மிதக்கும் ஓவியர் கேத்தே கொல்விட்ஸின் தலை என அதில் உருவங்கள் நெருக்கியடிக்கின்றன. ஆய்வாளர் பலரும் இவற்றையே பட்டியலிடுவர். வலப்புறக் கீழ்மூலையே எனக்கு முதன்மையானதாகப் படுகிறது. பெண்கள் வாக்குரிமை பெற்ற, பெறவிருந்த ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் வரைபடம் ஒன்று அங்குள்ளது. அதன் ஓரத்தில் ஹோக்கின் சிறிய முகம். ஜெர்மானியப் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1919 ஜனவரியில் என்பதை நினைவிற்கொண்டால், இதனை ஓவியரின் கையொப்பமாகவே கொள்ளலாம்.

1920இல் நடைபெற்ற முதல் அனைத்துலக டாடா கண்காட்சியில் அவர் இடம்பெறுவதைக் குரோஸும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்த்தனர். தாமும் விலகுவதாக ஹவுஸ்மன் கூறிய பின்னரே இடம் கிடைத்தது. பிற்காலத்தில் ஹான்ஸ் ரிக்டர் தம் நினைவுநூலில், பணத்தட்டுப்பாட்டிலும் ரொட்டியும் பீரும் காப்பியும் எப்படியோ கொண்டுவந்து பரிமாறியவராக ஹோக்கைக் குறிப்பிட்டார். அடுக்களைக் கத்தியைத் தலைப்பிலேயே ஏந்தியவரை அடுக்களைக்கே திருப்பியனுப்பிய நினைவுகூரல் இது!

எனினும் ஹோக்கை முழுவதும் போற்றிவிடவும் முடியவில்லை. ‘இந்திய நடன மங்கை’ (1930) என்னும் ஒட்டோவியத்தில், ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்த பிரெஞ்சு நடிகை ஃபல்கோனெட்டியின் முகத்தோடு கேமரூன் நாட்டு மரமுகமூடியின் ஒரு பகுதி இணைகிறது. தலையில் கரண்டி, கத்தி வடிவங்களாலான மகுடம். பெண்ணை வீட்டுவேலையால் முடிசூட்டும் சமூகத்தை அது கூர்மையாகச் சாடுகிறது. ஆனால் பெயரில் உள்ள இந்தியா படத்தில் எங்குமில்லை. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பிறநாட்டுப் பொருள்களைக் காட்சிப்படுத்திய முறையை இவ்வரிசை எள்ளுகிறது என்பர். அவ்விளக்கம் ஓரளவே பொருந்தும். ஆப்பிரிக்க முகமூடிக்கு இந்தியப் பெயர் சூட்டத் தயங்காத கை, தான் எள்ளும் பழக்கத்திலிருந்து முற்றும் விடுபட்டதாகத் தெரியவில்லை.

1932இல் டெஸ்ஸாவ் பௌஹவுஸில் நடைபெறவிருந்த அவரது கண்காட்சி, நாஜிகளின் எழுச்சியால் கைவிடப்பட்டது. நண்பர் பலர் நாடு நீங்கினர், ஹோக் நீங்கவில்லை. 1939இல் பெர்லினின் புறப்பகுதியான ஹைலிகன்ஸேயில் சிறுவீடு ஒன்றை வாங்கி, தம் படைப்புகளையும் டாடா தோழர்களின் படைப்புகளையும் ஆவணங்களையும் அங்கு மறைத்துக் காத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். பெர்லின் டாடாவைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் கணிசமான பகுதி அவ்வீட்டிலிருந்து வந்ததே. ரொட்டி பரிமாறியவராக மட்டும் அவரை நினைவுகூர்ந்த இயக்கத்தின் சான்றுகளை அவரே காத்து வைத்திருந்தார்.

1972-73இல், எண்பது வயதைக் கடந்த பின்னர், தம் புகைப்படங்களையே வெட்டி ‘வாழ்க்கைப்படம்’ என்னும் பெரிய ஒட்டோவியத்தை உருவாக்கினார். வரைபடத்தின் ஓரத்தில் ஒருகாலத்தில் ஒதுங்கி நின்ற அம்முகம், இதில் இளமை முதல் முதுமை வரை படமெங்கும் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது.