மூன்று சுற்றும் ஒரு திருப்பமும்: ஓரங்க நாடகம் எழுதக் கற்ற வழிகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு வந்துவிடும். ஸ்டுடியோ இப்போது இல்லை. டி. ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘மந்திரி குமாரி’யை, ஓரங்க நாடகம் எழுதப் பழகுகிறவர் அதன் உச்சகட்டக் காட்சிக்காகவாவது பார்க்க வேண்டும். கணவன் மனைவியை மலைமுகட்டுக்குக் கூட்டி வருகிறான். உன்னைக் கொல்லத்தான் அழைத்து வந்தேன் என்று அங்கே சொல்லியும் விடுகிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். கணவனை வணங்கும் மனைவியை எந்தக் கணவன் தடுப்பான்? சுற்றி வந்தவள் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள்.

குண்டலகேசிக் கதையிலிருந்து மு. கருணாநிதி எடுத்தாண்ட இந்தக் காட்சியில் இரண்டே பேர், ஒரே இடம், ஒரே திருப்பம். அந்தத் திருப்பமும் வெளியிலிருந்து வரவில்லை. அவனுடைய அகந்தைக்குள்ளேயே இருக்கிறது. ஓரங்க நாடகத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் அந்தக் காலப் படங்களிலிருந்து நம்மவர்கள் கற்றுக்கொண்டது வசனத்தை. பள்ளி ஆண்டு விழா மேடைகளில் இன்றும் இருபது நிமிட நாடகத்தில் பதினைந்து நிமிடம் யாராவது ஒருவர் முழங்கிக்கொண்டிருக்கிறார்.

இலக்கண நூல் இல்லாத குறையா? அதுவும் இல்லை. பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதினார். ஷேக்ஸ்பியரையும் வடமொழி நாடக இலக்கணமான தசரூபகத்தையும் பக்கத்தில் வைத்து விபுலானந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’யைத் தந்தார். இரண்டும் அரிய நூல்கள். அவற்றைப் படித்துவிட்டு நாடகம் எழுத உட்கார்ந்த ஒருவரை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நல்ல பாடம் நாடகங்களில்தான் கிடைக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஓர் அங்கமே உள்ள அங்கத நாடகம். குடிபோதையிலிருக்கும் காபாலிகன் சத்தியசோமன் தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். வழியில் வந்த பௌத்த துறவி நாகசேனன்தான் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். வழக்கைத் தீர்க்க ஒரு பாசுபதன் வருகிறான். உண்மையில் கபாலத்திலிருந்த வறுத்த இறைச்சிக்காக அதைத் தூக்கிப் போனது ஒரு நாய். நாயிடமிருந்து அதைப் பறித்து வந்தவன் ஒரு பைத்தியக்காரன். கபாலம் கிடைத்ததும் நாடகம் முடிகிறது. மூன்று சமயங்களையும் அரசன் கிண்டல் செய்கிறான். ஆனால் யாரும் சமயத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவதில்லை. கபாலம் எங்கே என்ற ஒற்றைக் கேள்வியே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

காதைத் தீட்டிக்கொள்ள இலங்கைக்குப் போக வேண்டும். லண்டனில் மொழியியல் பயின்று திரும்பிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, ‘நானாடகம்’ (1940) தொகுப்பில் யாழ்ப்பாணப் பேச்சை அது ஒலிக்கிறபடியே எழுத்தில் வைத்தார். செந்தமிழில் பேசினால்தான் மேடை மதிக்கும் என்றிருந்த காலம் அது.

தமிழ்நாட்டு நாடகத்தில் மாற்றம் சேலத்திலிருந்தே வந்தது என்பதை ஊர்க்காரர்களே அதிகம் சொல்வதில்லை. கவிஞர் சி. மணி பின்னின்று நடத்திய ‘நடை’ காலாண்டிதழ் 1968இல் இங்கே தொடங்கி எட்டு இதழ்களோடு நின்றுபோனது. ந. முத்துசாமியின் முதல் நாடகம் ‘காலம் காலமாக’ அதில்தான் அச்சேறியது. சபாக்களில் சிரிப்புத் துணுக்குகள் கொடிகட்டிப் பறந்தபோது, மேடையே கிடைக்காத ஒரு நாடகத்துக்கு ஒரு சிற்றிதழ் இடம் கொடுத்தது. அதனால் ஒரு சங்கடமும் கூடவே வந்தது: நவீன நாடகம் வாசிப்பவர்களுக்கு உரியதாகிவிட்டது. முத்துசாமி அதோடு நிற்கவில்லை. புரிசையின் தெருக்கூத்தைப் பார்த்தார், 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார், நடிகனின் உடம்பை மனத்தில் வைத்து எழுதப் பழகினார். அதே ஆண்டு காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும் இந்தப் பக்கமே திரும்பியது. பிரபஞ்சன், ஜெயந்தன், அம்பை போன்ற கதைக்காரர்களும் பின்னர் நாடகம் எழுதிப் பார்த்தார்கள்.

ஏற்காட்டில் இன்று எழுத வருகிறவருக்கு எது பக்கத்தில் இருக்கிறது? மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் இயங்குகிற ஊர் இது. விடுதிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை, மேடைகளுக்கும் குறைவில்லை. மே மாதக் கோடை விழாவில் கலைநிகழ்ச்சி உண்டு. மலைக்குக் கீழே மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் கூத்துக் கலைஞர்களோடு வேலை செய்து வருகிறார். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஒரு பாத்திரம் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தவருக்குத்தான், ஓரங்கத்தில் அந்த நேரம் நமக்குக் கிடையாது என்பது உறைக்கும்.

மலையில் கருவுக்கும் பஞ்சமில்லை. காபி அறுவடைக் காலத்து மாலை. நாள் முழுக்கப் பறித்த பழத்தை நிறுக்கும் இடம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எடை பார்க்கிறவர், மூட்டையோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் வரிசை. தராசு குறைத்துக் காட்டுகிறது என்று அவள் சந்தேகப்படுகிறாள். நேற்று அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருக்கிறாள். இங்கே சுரண்டல் என்ற சொல்லை யாராவது உச்சரித்தால் நாடகம் அங்கேயே படுத்துவிடும். மூட்டையை இன்னொரு தரம் நிறுக்கச் சொல்லி அவள் எப்படிக் கேட்கிறாள், சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்களின் பேச்சில் அந்தக் கேள்வி எப்படி வரும் என்று காது கொடுத்து எழுத வேண்டும். எழுதியதை நாலு பேரை வைத்து உரக்கப் படிக்கச் சொல்லலாம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு எந்தப் பக்கத்தில் பொறுமை போகிறதோ, அந்தப் பக்கத்தில் பேனாவை வைத்து அடிக்கலாம்.