43 ஃபோல்டரும் ஒரு தினசரி காலண்டரும்

டேவிட் ஆலனின் 'கெட்டிங் திங்ஸ் டன்' 2001-ல் வந்தது, 2015-ல் திருத்திய பதிப்பு. வேலைகளைச் சமாளிப்பது பற்றி இணையத்தில் எதைத் தேடினாலும் இரண்டு க்ளிக்கில் இந்தப் புத்தகத்திடம்தான் போய் நிற்போம். நான் இரண்டு முறை முழுசாகப் படித்தேன். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் அது சொன்னபடி நடந்தும் பார்த்தேன். புத்தகம் மோசம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது யாரை மனசில் வைத்து எழுதப்பட்டது, பாரிவாக்கத்தில் ஒரு இரண்டு பெட்ரூம் வீட்டில் எங்கே சறுக்குகிறது என்று குறித்து வைக்கத்தான்.

புத்தகம் சொல்வது

மனசு யோசிப்பதற்கான இடம், சாமான் ரூம் இல்லை. அதனால் தலையில் ஓடுகிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து எழுது. ஒவ்வொன்றும் என்ன என்று முடிவு பண்ணு. அததற்கான பட்டியலில் போடு. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பார். பிறகு வேலையைச் செய். ஐந்தே படிகள்.

இதில் உண்மையிலேயே உருப்படியானது 'அடுத்த செயல்' என்ற யோசனை. "அம்மா கண் ஆபரேஷன்" என்று எழுதி வைத்தால் அது வேலை இல்லை, கவலை. "டாக்டருக்கு போன் பண்ணித் தேதி கேட்க வேண்டும்" என்று எழுதினால்தான் வேலை. இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. முடியாத வேலை மனசை அரிக்கும் என்று 1927-ல் ப்ளூமா ஸைகார்னிக் எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் முடியாத வேலைதான் அதிகமாக நினைவில் நிற்கும் என்ற அவர் முடிவு பின்னால் செய்த சோதனைகளில் எப்போதும் அப்படியே வரவில்லை. ஆலனுக்கு அதைவிட நெருக்கமான ஆதாரம் மஸிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் வெளியிட்டது. வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எப்படிச் செய்யப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த நச்சரிப்பு அடங்குகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

இதுவரைக்கும் எனக்கும் ஆலனுக்கும் சண்டை இல்லை.

இரண்டு நிமிட விதி யாருக்கு?

புத்தகத்தில் அதிகம் பிரபலமானது இரண்டு நிமிட விதி. ஒரு வேலை இரண்டு நிமிடத்துக்குள் முடியுமென்றால் தள்ளிப்போடாதே, இப்பவே முடித்துவிடு. ஆலன் இதை வந்து குவிந்த கடிதம், மெயில் இவற்றைப் பிரிக்கிற நேரத்துக்காகச் சொன்னார். இணையம் அதை நாள் முழுக்கவுமான விதியாக மாற்றிவிட்டது.

வீட்டு வேலை செய்கிறவரிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். அடுப்பைத் துடைப்பது இரண்டு நிமிடம். மோட்டார் போடுவது, பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது, காய்ந்த துணியை எடுப்பது, எல்லாமே இரண்டு நிமிடம்தான். காலை ஐந்தரைக்கு இந்த விதிப்படி ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணிக்கும் அடுத்த இரண்டு நிமிட வேலை காத்துக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் வேறொருவரிடம் கொடு, இல்லையென்றால் ஒத்திவை என்கிறார். கொடுப்பதற்கு ஆள் இருக்கிறவருக்கு அது சரி. எங்கள் வீட்டில் வேலை கொடுக்கப்படுகிற கடைசி ஆள் அம்மாதான். அவர் யாரிடம் கொடுப்பார்?

ஆலன் கம்பெனி அதிகாரிகளுக்கு ஆலோசனை சொல்லி வந்தவர். தனி மேஜை, கதவு மூடிய அறை, வாரம் ஒருமுறை ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பட்டியல்களைப் புரட்ட அவகாசம், இதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கை புத்தகம் முழுக்க ஓடுகிறது. நான் என் வார மதிப்பீட்டைப் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு செய்து பார்த்தேன். மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன்.

என் வீட்டில் நடந்தது

எல்லாவற்றையும் போனில் ஒரு ஆப்பில் போட்டேன். ஒரு கட்டத்தில் 312 வேலைகள் சேர்ந்தன. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்குவதும் அதில் ஒன்று. அதுவரை அதை அம்மாவே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பெருமையாக, "இனிமே நீ இதெல்லாம் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்மா, நான் ஆப்ல போட்டுட்டேன்" என்று சொன்னேன்.

போட்டிருந்தேன். தேதி போடவில்லை. 'வீடு' என்ற தலைப்புக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. மாத்திரை தீர்ந்து மூன்று நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் சமையல்கட்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். க்ளினிக்கில் பார்த்தால் மேல் பிரஷர் 180. நல்லவேளை, மாத்திரையோடு சரியாகிவிட்டது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "நீதான் போட்டிருக்கேன்னு சொன்னியேப்பா. வாங்கிட்டு வருவேன்னு இருந்தேன்."

ஆப் கெட்டுப்போகவில்லை. தேதி போடாத சோம்பேறித்தனம் என்னுடையதுதான். ஆனால் இன்னொன்றும் நடந்திருந்தது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த ஒரு நினைவை எடுத்து, நான் மட்டும் பார்க்கிற இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆலன் 'நம்பகமான அமைப்பு' வேண்டும் என்கிறார். யார் நம்புவதற்கு? புத்தகத்தில் அது ஒற்றை ஆள். குடும்பத்தில் நாலு பேர்.

சுவரில் தொங்கியது

முன்பு அம்மா என்ன செய்தார்? தினசரி காலண்டர். தாள் தாளாகக் கிழிப்போமே, அதேதான். வருஷம் பிறந்ததும் பேனாவோடு உட்கார்ந்து நகைக்கடன் வட்டி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், தாத்தா திதி என்று அந்தந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவார். புது மாத்திரை அட்டை பிரித்த அன்றே, தீர்வதற்கு நாலு நாள் முந்தைய தாளில் 'மாத்திரை' என்று எழுதுவார். அன்றைய சில்லறை வேலைகள் கிழித்த தாளின் பின்பக்கத்தில்.

ஆலன் 43 ஃபோல்டர் வைக்கச் சொல்கிறார். நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12. எதிர்காலத்தில் தேவைப்படுகிற காகிதத்தை அந்த நாளின் ஃபோல்டரில் போட்டுவிட்டால், அன்று காலை அது தானாகக் கைக்கு வரும். நல்ல யோசனை. சிவகாசிக்காரர்கள் அதையே 365 தாளாக அச்சடித்து ஆணியில் மாட்டத் தருகிறார்கள்.

இந்தக் காலண்டர் ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால் மூன்று காரணம் படுகிறது. ஒன்று, ராகு காலம், முகூர்த்தம், அமாவாசை பார்க்க எப்படியும் தினமும் கண் அங்கே போகிறது. திரும்பப் பார்க்கும் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. இரண்டு, தாள் சின்னது. பத்து வேலைக்கு மேல் எழுத முடியாது. மிச்சமானதை மறுநாள் தாளில் கையால் திரும்ப எழுத வேண்டும். மூன்று நாள் எழுதினால் கை வலிக்கும், 'இது தேவைதானா' என்ற கேள்வி தானாக வரும். ரைடர் கரோலின் புல்லட் ஜர்னல் முறையும் இதைத்தான் சொல்கிறது. என் ஆப்பில் 312 சேர்ந்ததற்குக் காரணம் அங்கே எதுவும் வலிக்கவில்லை என்பதே. மூன்று, எல்லோரும் பார்க்கிறார்கள். என் தங்கை பார்த்தால் அவள் வாங்கி வருவாள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப் போதாதா என்று கேட்கலாம். முயற்சி செய்தோம். 'மாத்திரை' என்ற செய்திக்கு மேலே அரை மணியில் ஏழு காலை வணக்கம் படம் வந்து உட்கார்ந்தது.

காலண்டருக்கும் எல்லை உண்டு. வீட்டை விட்டு வெளியே வராது, அலாரம் அடிக்காது. டிசம்பர் 31-க்கு அப்பால் அதற்கு எதுவும் தெரியாது. ஆபீஸ் வேலைக்கு எனக்கு இப்போதும் ஆப்தான். அங்கே ஆலன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே பொருந்துகிறது. புத்தகத்தை வாங்குவதாக இருந்தால் முதல் பகுதியின் மூன்று அத்தியாயம் படியுங்கள், போதும். படித்த கையோடு ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆப்பில் ஏற்றப் போகிற வேலையை இதுவரை வீட்டில் யார் நினைவு வைத்திருந்தார்கள்? அவர் கண்ணில் படாத இடத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

அடுத்த அட்டை இருபத்தாறாம் தேதி தீர்கிறது. இருபத்திரண்டாம் தேதித் தாளில் எழுதியாயிற்று. இந்த முறை எழுதியது நான். அம்மா ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.