பிடியின் முதுகு

கோல்ட் 1911 பிஸ்டலைப் பார்ப்பவர்களின் கண் முதலில் அதன் நீண்ட ஸ்லைடில் ஓடும். பிறகு சுத்தியலில் நிற்கும், பிறகு பிடியின் இருபுறமும் பதிந்த மரப்பலகைகளுக்கு இறங்கும். பிடியின் பின்புறத்தில், உள்ளங்கையின் அடிமேட்டில் அழுந்திக்கிடக்கும் அந்தச் சிறிய துண்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. மெயின்ஸ்பிரிங் கூடு என்று அதற்குப் பெயர். கையில் எடுத்த மறுகணமே அது பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அந்தப் பிஸ்டலில் கையை விட்டு அகலாமல் ஒட்டி உறவாடும் பாகங்களில் முதன்மையானது அதுதான். இதற்கு மாற்றுப் பாகம் தேடுகிறவருக்கு இரண்டு வகை கிடைக்கும். ஒன்று எஃகு, மற்றது பாலிமர். எது மலிவு, எது உறுதி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இரண்டையும் ஆற அமரப் பார்க்கலாம் வாருங்கள்.

முதலில் உள்ளே. கூட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு துளை; அதற்குள் சுருண்டு நிற்கிறது சுத்தியலுக்கு வேகம் கொடுக்கும் மெயின்ஸ்பிரிங். வழக்கமான அளவில் அதன் விசை சுமார் 23 பவுண்டு. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு சின்னஞ்சிறு தொப்பி. சுத்தியலிலிருந்து இறங்கிவரும் மெல்லிய தண்டு அந்தத் தொப்பியின் குழியில்தான் கால் ஊன்றுகிறது. ஸ்பிரிங்கின் காலடியில் இன்னொரு குட்டிக் குமிழ். கூட்டைச் சட்டகத்தோடு இணைக்கும் குறுக்கு ஊசியின் இடுப்பில் ஒரு பள்ளம் உண்டு. குமிழ் அதில் போய் அழுந்தி, ஊசியை நழுவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த அழகைக் கவனியுங்கள்: மேல்முனையால் சுத்தியலை உந்தும் அதே ஸ்பிரிங், கீழ்முனையால் தன் வீட்டுக் கதவைத் தானே தாழிட்டுக்கொள்கிறது. ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறது.

கூட்டின் முன்முகமும் சும்மா இருப்பதில்லை. மூன்று விரல்களாகப் பிரிந்த ஒரு தட்டைத் தகடு, சியர் ஸ்பிரிங், அதன்மேல்தான் முதுகைச் சாய்த்து நிற்கிறது. ஒரு விரல் சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் சியரை அழுத்துகிறது; நடுவிரல் டிரிகரைத் திரும்ப முன்னே தள்ளுகிறது; மூன்றாவது, பிடியை இறுக்கிப் பிடித்தாலன்றி சுடவிடாத பின்புறப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறது. இத்தனைக்கும் மொத்தக் கூட்டைத் தாங்குவது அந்த ஒரே குறுக்கு ஊசி. பிடிப்பலகைகளின் இடத்தை விட்டால், இந்தப் பிஸ்டலில் மரைத்திருகு என்று தேடினாலும் கிடைக்காது. யூட்டாவின் ஆக்டனில் 1855-இல் துப்பாக்கிப் பட்டறைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங்கின் கை இது. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைப் பூட்டி, அந்த மற்றொன்றைக்கொண்டு முதலாவதை நிறுத்தும் சிக்கனம் அவருக்கே உரியது.

அமெரிக்கத் தரைப்படை 1911 மார்ச் 29 அன்று இதை ஏற்றுக்கொண்டபோது, கூட்டின் முதுகு தட்டையாக, வழுவழுப்பாக இருந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், குறி பார்க்கத் தூக்கினால் குழல்முனை சற்றுத் தாழ்கிறது என்ற முறையீட்டுக்கு விடையாக அந்த முதுகைச் சற்றே குவித்தார்கள். டிரிகரும் குட்டையானது, அதன் பின்னே சட்டகத்தின் இருபுறமும் விரல் பதிய மென்மையான சரிவுகள் வெட்டப்பட்டன. இப்படி 1926-இல் பிறந்ததுதான் எம்1911ஏ1. அந்த வளைவை ஒருமுறை விளிம்போடு விளிம்பாகப் பாருங்கள். மேலே பின்புறப் பாதுகாப்பின் வளைவு முடியும் இடத்தில் தொடங்கி, மெதுவாகப் புடைத்து, அடியில் மேகசின் வாயருகே மறுபடி உள்வாங்குகிறது. உள்ளங்கையின் குழியை நிரப்புவதற்கென்றே தீட்டிய கோடு அது. தட்டை நல்லதா, குவிந்தது நல்லதா என்ற வாதம் நூறாண்டுகளாக ஓயவில்லை. என் கண் எப்போதும் தட்டையின் பக்கம்தான். பிடியின் முன்கோடும் பின்கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இறங்கும் அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தமானது. ஆனால் சிறிய கையோ பெரிய கையோ, இந்த விஷயத்தில் கை சொல்வதற்குத்தான் மதிப்பு.

மாற்றுப் பாகம் என்ற பேச்சே இத்தனை எளிதாக நடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தப் பிஸ்டலைக் கோல்ட் மட்டும் செய்யவில்லை. தட்டச்சுப் பொறிக்காரர்களான ரெமிங்டன் ராண்ட், ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், வேட்டைத் துப்பாக்கிக்காரர்களான இத்தாக்கா எனப் பலரும் செய்தார்கள். தையல் எந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் 500 பிஸ்டல்களை மட்டும் செய்து நிறுத்திக்கொண்டது. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றுக்காகத் தவம் கிடக்கிறார்கள். தட்டச்சுப் பொறித் தொழிற்சாலையில் கடைந்த கூடு, கோல்ட் சட்டகத்தின் தடத்தில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்தது. அன்று வகுத்த அளவுகளே இன்று விற்கும் கூட்டுக்கும் அடிப்படை.

எஃகுக் கூட்டின் முழுச் சுகமும் அதன் முதுகில் வெட்டிய கட்டவரிகளில் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் முளைத்து நிற்கும் நுண்ணிய கூம்புகள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை வரி என்பதுதான் இதன் கணக்கு: 20 வரி என்றால் கூம்புகள் பெரியவை, கூர்மையானவை, வியர்த்த கையையும் விடமாட்டாதவை, 30 வரி என்றால் தொட்டால் பட்டுத்துணியின் சொரசொரப்பு. நல்ல வேலையில் எல்லாக் கூம்பும் ஒரே உயரத்தில் முடியும். ஓரத்தில் வரிகள் பாதியில் அறுந்து நிற்காமல், மெல்லிய எல்லைக்கோடு ஒன்றில் வந்து ஒதுங்கும். வெளிச்சத்தில் பிஸ்டலைச் சற்றே சாயுங்கள். ஒரு பக்கத்துச் சரிவுகள் எல்லாம் ஒன்றாக மின்னும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அவை அணைந்து மறுபக்கத்துச் சரிவுகள் ஏற்றுக்கொள்ளும். போர்க்காலத்து அவசரத்தில் இந்தக் கட்டவரிகளுக்கு நேரம் போதவில்லை. அப்போது வந்த கூடுகளில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும் நேர்வரிகள்தான். அவையும் தம்மளவில் அழகு, சவரம் செய்த முகத்தைப் போல.

எஃகுக்கே உரிய இன்னொரு நயம் அதன் நிறம். கருநீலம் ஏற்றிய புதிய கூட்டைப் பழைய சட்டகத்தில் பொருத்தினால் இரண்டு நீலங்களும் அப்படியே ஒத்துப்போவது அரிது. பழையது கையில் தேய்ந்து விளிம்புகளில் வெள்ளிச்சாயல் கண்டிருக்கும்; புதியது கார்மேகம். சிலருக்கு இது உறுத்தும். எனக்கு அந்த வேற்றுமை பிடிக்கும். காலப்போக்கில் புதியதும் தேய்ந்து பழையதை நோக்கி வரும். தடத்தில் பொருந்தும் விதத்திலும் எஃகு தன் குணத்தைக் காட்டும். சற்றே இறுக்கமாக வரும் கூட்டை நுண்ணரத்தால் ஓரிரு தடவைகள் தொட்டு, எண்ணெய் தடவிக் கீழிருந்து மேலே தள்ளினால், இடுக்கே தெரியாமல் ஏறி, ஊசித்துளைகள் நேராக நிற்கும்.

இனி பாலிமர். கோல்ட் நிறுவனமே 1991-இல் எம்1991ஏ1 என்ற எளிய வடிவத்தை வெளியிட்டபோது இந்தக் கூட்டைப் பாலிமரில் செய்தது. எஃகுப் பித்தர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஆனால் பாலிமர் உடைந்துபோகும் என்ற பயத்துக்கு அந்தப் பாகத்தின் அமைப்பே பதில் சொல்கிறது. சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது அமுங்கும் ஸ்பிரிங் தன் பாரத்தைக் கீழே உள்ள குறுக்கு ஊசியின் மேல் இறக்குகிறது. ஊசியின் இரு முனைகளும் உட்கார்ந்திருப்பதோ சட்டகத்தின் எஃகில். பெருஞ்சுமை எஃகிலிருந்து எஃகுக்குப் போய்விடுகிறது. கூட்டின் உடல் பெரும்பாலும் ஸ்பிரிங்கை நேராக நிறுத்தி வழிகாட்டுகிறது. பிரவுனிங் பாலிமரை நினைத்து இதை வரைந்திருக்க வழியில்லை. அவர் 1926-இல் பெல்ஜியத்தில் காலமானார், நைலான் பிறந்தது 1935-இல். ஆனாலும் அவருடைய பங்கீடு பாலிமருக்கும் இடம் கொடுக்கிறது. நல்ல வடிவமைப்பின் தாராளம் அது.

பாலிமரின் அழகு வேறு வகை. வெட்டிச் செதுக்கிய அழகு அன்று, வார்த்து எடுத்த அழகு. அதன் வரிகளின் முனை சற்றே மழுங்கி, மென்மையாக உருண்டிருக்கும். சட்டையின் உட்புறத்தை அரித்துத் தின்னாது. குளிர்காலக் காலையில் எஃகைப் போலச் சில்லென்று கடிக்காது. உள்ளங்கையின் உப்புவியர்வை நேராகப் போய்த் தங்கும் இடம் இந்தக் கூடுதான். எஃகு துரு பிடிக்கிற அந்த இடத்தில் பாலிமர் சலனமில்லாமல் இருக்கும். இத்தகைய பாகங்களுக்குப் பயன்படும் கண்ணாடி இழை கலந்த நைலானின் எடை, அதே பருமனுள்ள எஃகின் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் முடிபோன்ற ஒரு கோடு தெரியும். அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த இடம். அதைக் குறை என்பார்கள். நான் அதைப் பிறப்பு அடையாளமாக எடுத்துக்கொள்கிறேன்.

1911-க்குப் பிளாஸ்டிக் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரின் பிஸ்டல்களில் வால்நட் பலகைகளின் இடத்தைப் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் பலகைகள் பிடித்தன; மெய்ன் மாநிலத்துக் கீஸ் ஃபைபர் நிறுவனம் வார்த்துக் கொடுத்தவை. ஆறிய காப்பியின் நிறம், அழுத்தமான கட்டவரி. இன்று அந்தப் பழுப்புப் பலகை இல்லாவிட்டால் போர்க்காலப் பிஸ்டல் அரைகுறையாகத் தோன்றுகிறது.

இவ்வளவு சொன்னாலும், முழு எஃகுச் சட்டகமுள்ள 1911-க்கு என் தேர்வு எஃகுக் கூடுதான்: தட்டை, 25 வரி. காரணம் உறுதி அன்று, எடை. வெறும் மேகசினோடு சுமார் 1.1 கிலோ கனக்கும் இந்தப் பிஸ்டலின் சமநிலையில் பிடியின் அடிப்பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே பாலிமர் வந்தால் முனை இம்மியளவு முன்னே சாயும். பழகிய மணிக்கட்டு அதை உணரும். மழையிலும் வியர்வையிலும் நாள் முழுக்க இடுப்பில் சுமப்பவர் பாலிமரைத் தேர்ந்தால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆஸ்திரியாவின் கிளாக் 17-க்கு வந்தால் நியாயம் தலைகீழாகிறது. துப்பாக்கியே செய்து பழகாத, ஆனால் பிளாஸ்டிக்கை நன்கறிந்த காஸ்டன் கிளாக், 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தப் பிஸ்டலில் சட்டகம் முழுவதையும் பாலிமரில் வார்த்தார். ஸ்லைடு ஓடும் இடத்தில் மட்டும் நான்கு சிறு எஃகுத் தடங்களைப் பாலிமருக்குள் புதைத்தார். மேகசினிலும் அப்படியே, பாலிமர் உடலுக்குள் எஃகு உறை. எங்கே உரசலும் அழுத்தமும் உண்டோ அங்கே மட்டும் எஃகு. மற்ற இடமெல்லாம் இலேசு. இந்தக் கணக்கின் நேர்த்தி எனக்கு அலுப்பதே இல்லை. குழலுக்கு அடியில் மீள்ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டும் பாலிமர்தான். இதைத்தான் ஆர்வலர்கள் முதலில் கழற்றிவிட்டு எஃகோ டங்ஸ்டனோ போடுவார்கள். தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வழவழப்பு, ஒரு சீரான கறுப்பு, அடியில் அகன்ற தலை. வேலை செய்வது ஸ்பிரிங். தண்டு அது கோணிக்கொள்ளாமல் துணை நிற்கிறது. இழுவையில் சற்று நெளிந்து கொடுத்து உடனே நிமிர்ந்துவிடும். அந்த நெளிவு பலவீனம் அல்ல, பக்குவம். எஃகுத் தண்டு முன்முனைக்குக் கொஞ்சம் கனம் சேர்க்கும், பந்தயத்தில் சுடுபவருக்கு அது பயன்படலாம். மற்றபடி, ஏற்கெனவே முழுமையான ஒன்றைத் திருத்தப் போவானேன்?

அதே கிளாக்கில் குறிகாட்டிகளைப் பாருங்கள். முன்னே ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னே அதைத் தாங்கும் வெள்ளைக் கிண்ணக் கோடு. தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் பாலிமரிலேயே வருபவை. வடிவம் இனியது, ஆனால் உறையில் உரசியும் மோதியும் முன்புள்ளியின் விளிம்பு மழுங்கிப்போகும். மழுங்கிய விளிம்பில் வெளிச்சம் கசிந்து குறி கரையும். எஃகில் அரைத்தெடுத்த முன்குறியின் மேல்விளிம்போ கூரிய கோடு. பின்குறியின் சதுரப் பள்ளத்துக்குள் அது நிற்கும்போது இருபுறமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று. பின்னதை ஸ்லைடின் வால்புறத் தடத்தில் குறுக்கே தட்டி ஏற்ற வேண்டும், முன்னதை உள்ளிருந்து ஒரு சிறு திருகு இழுத்துப் பிடிக்கும். எஃகுத் தண்டுக்கென்று எடுத்துவைத்த காசை இந்த இரண்டு சிறு மேடுகளுக்குக் கொடுக்கலாம்.